ஆறாவது தோட்டாவை அளந்து பாருங்கள்: வாசகர் கேள்வி பதில்

அலாஸ்கா ஆறுகளில் இறங்கி நீரோட்டம் அளக்கும் வேலையில் 16 கோடைகளைக் கழித்தவள் நான். போன இதழில் அந்தக் கதையை எழுதும்போது, மார்பில் ஒரு .44 மேக்னம் ரிவால்வரைக் கட்டிக்கொண்டுதான் இறங்குவேன் என்று ஒரு வரி எழுதினாலும் எழுதினேன், ஆற்றைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. கடிதங்கள் எல்லாம் அந்த ஒரு வரிக்குத்தான். எழுதியவர்கள் அமெரிக்காவில் இருக்கும் நம்மவர்கள், அதனால் சட்டம் என்று நான் சொல்வதெல்லாம் அந்த நாட்டுச் சட்டம்.

ஒரு சொல் விஷயம் முதலில். நம் செய்தித்தாள்களில் தோட்டா, குண்டு, ரவை எல்லாம் ஒன்றுதான். தோட்டா செய்கிற பெஞ்சில் உட்கார்ந்தால் அப்படி முடியாது. இங்கே தோட்டா என்றால் முழு உருப்படி. முனையிலிருந்து பறந்து போவது குண்டு. பித்தளையில் இருப்பது கூடு. கூட்டின் அடியில், சுத்தி அடித்ததும் தீப்பொறி தரும் சின்னக் கிண்ணம் பிரைமர். உள்ளே இருப்பது மருந்து. எடையெல்லாம் கிரெய்ன் கணக்கு. பொற்கொல்லர்கள் ஒரு காலத்தில் குன்றிமணி வைத்துப் பொன்னை நிறுத்தார்களே, ஒரு குன்றிமணி ஏறக்குறைய இரண்டு கிரெய்ன். 240 கிரெய்ன் குண்டு என்றால் பதினைந்தரை கிராம்.

சரி, கடிதங்களுக்கு வருவோம்.

கேள்வி: மேடம், அடுத்த கோடையில் நண்பர்களோடு அலாஸ்காவில் சால்மன் பிடிக்கப் போகிறேன். பழுப்புக் கரடி உள்ள ஆறு. .44 மேக்னமா, .454 கசலா, .500 ஸ்மித் அண்ட் வெஸ்ஸனா? இருப்பதிலேயே பெரியதை வாங்கிவிட்டால் கவலை விட்டது அல்லவா?

கவலை அங்கேதான் ஆரம்பிக்கும்.

.44 மேக்னம் 1955-56 வாக்கில் வந்தது. ஐடஹோ மாநிலத்துப் பண்ணைக்காரர் எல்மர் கீத், பழைய .44 ஸ்பெஷல் கூடுகளில் கனமான குண்டும் தாராளமான மருந்துமாகப் போட்டுப் பல வருடம் சுட்டுப் பார்த்து, இதை யாராவது முறையாகச் செய்யுங்கள் என்று நச்சரித்துக்கொண்டே இருந்தார். கடைசியில் துப்பாக்கியை ஸ்மித் அண்ட் வெஸ்ஸனும் தோட்டாவை ரெமிங்டனும் செய்து கொடுத்தார்கள். ஆக, நீங்கள் கேட்கும் இந்தத் தோட்டாவே கையால் தோட்டா அடைத்த ஒருவரின் பெஞ்சிலிருந்து பிறந்ததுதான். அதன் அழுத்த வரம்பு சதுர அங்குலத்துக்கு 36,000 பவுண்டு. .454 கசலுக்கு அது 65,000. 2003-ல் வந்த .500 இன்னும் பெரிய குண்டைத் தள்ளுகிறது. ஐந்து தோட்டாதான் பிடிக்கும், நீளக் குழல் வைத்தால் துப்பாக்கி மட்டும் இரண்டு கிலோ.

காகிதத்தில் பார்த்தால் பெரியதுதான் ஜெயிக்கும். ஆனால் பழுப்புக் கரடி ஓடினால் மணிக்கு ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். முப்பது மீட்டர் தள்ளிப் புதரில் இருக்கிறது என்றால் உங்களுக்குக் கிடைப்பது இரண்டு விநாடி. அந்த இரண்டு விநாடியில் எடுத்து, பார்த்து, சுட வேண்டும். முதல் குண்டு எப்படியோ போய்விடும். இரண்டாவதைச் சுடும்போது குழல் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. .500-இல் முதல் குண்டுக்குப் பிறகு குழல் மேகத்தைப் பார்க்கும்.

வாங்கும் முன் யாரிடமாவது கேட்டுச் சுட்டுப் பாருங்கள். ஒரு காகிதத் தட்டை ஏழு மீட்டரில் ஒட்டுங்கள். இரண்டு விநாடிக்குள் இரண்டு குண்டும் தட்டில் விழ வேண்டும், அதுவும் பத்து முறை செய்தால் பத்து முறையும். விழவில்லையா, ஒரு படி இறங்குங்கள். .44-இலும் விழவில்லையா, .357 மேக்னத்துக்கு இறங்குங்கள். 180 கிரெய்ன் கெட்டி ஈயக் குண்டு போட்ட .357 ஒன்றும் விளையாட்டுப் பொருள் அல்ல. கிரீன்லாந்தில் பனிக்கரடிகளுக்கு நடுவே நாய்வண்டியில் ரோந்து போகும் டென்மார்க்கின் சிரியஸ் படை வைத்திருக்கும் கைத்துப்பாக்கி 10 மில்லிமீட்டர் க்ளாக். .500 எதுவும் இல்லை.

இன்னொரு பொறி: தூக்கச் சுலபமாக இருக்கிறது என்று இறகு போன்ற டைட்டானியம், ஸ்காண்டியம் மாடலை வாங்குவது. அதே தோட்டாவைப் பாதி எடையுள்ள துப்பாக்கியில் போட்டால் கையில் வாங்கும் உதையின் ஆற்றல் இரட்டிப்பாகும். என் கை சின்னது. நான் கடைசிவரை தூக்கியது ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ கனத்தை. கழுத்து வலித்தது, மணிக்கட்டு பிழைத்தது.

இதையெல்லாம் விட முன்னால் வருவது மிளகாய்க் கார ஸ்ப்ரே. அலாஸ்காவில் பதிவான சம்பவங்களை வைத்து 2008-ல் வெளியான ஆய்வில், பழுப்புக் கரடிமேல் அதை அடித்தபோது 92 சதவீதம் முறை கரடி செய்துகொண்டிருந்ததை நிறுத்தியது. இடது பக்கம் ஸ்ப்ரே, வலது பக்கம் துப்பாக்கி என்பது என் ஏற்பாடு. 16 கோடைகளில் ஸ்ப்ரேயை இரண்டு முறை அடித்திருக்கிறேன். துப்பாக்கியை உறையிலிருந்து ஒரே ஒரு முறை எடுத்தேன், சுடவில்லை. சுட்டிருந்தால் அது வேறு வேலை: தற்காப்புக்காகவே கொன்றாலும் அரசுக்குத் தகவல் சொல்லி, தோலையும் மண்டையோட்டையும் எடுத்துக் கொண்டுபோய் ஒப்படைக்க வேண்டும் என்பது அலாஸ்கா சட்டம். ஒரு கரடியைத் தோலுரித்துப் பாருங்கள், அப்புறம் ஸ்ப்ரேமேல் உங்களுக்கே பிரியம் வந்துவிடும்.

கேள்வி: என்னிடம் .44 இருக்கிறது. முனையில் குழி வைத்த குண்டுதான் நல்லது என்கிறார் கடைக்காரர். கெட்டிக் குண்டுதான் என்கிறார் நண்பர். யார் சொல்வது சரி?

காட்டுக்கு நண்பர்.

குழி வைத்த குண்டு உள்ளே போனதும் பூ மாதிரி விரிவதற்காகச் செய்தது. விரிந்தால் வேகம் சீக்கிரம் தீரும், ஆழம் குறையும். மெல்லிய உடம்புள்ள விலங்குக்கு அது நல்ல குணம். கொழுப்பு, தடித்த தசை, தோள்பட்டை எலும்பு என்று அடுக்கடுக்காக இருக்கும் மிருகத்துக்கு ஆழம்தான் வேண்டும். அதற்குக் கலப்பு உலோகத்தில் வார்த்த, முனை தட்டையான கெட்டி ஈயக் குண்டு. முனை கூர்மையாக இருந்தால் திசுவை ஒதுக்கிவிட்டு நழுவிப் போய்விடும், வழியும் மாறிவிடும். தட்டை முனை இடித்துக்கொண்டு நேராகப் போகும். எடை 240-லிருந்து 300 கிரெய்ன் வரை. அதற்கு மேல் போனால் குண்டு நீண்டுகொண்டே போய் உள்ளே மருந்துக்கு இடம் குறையும், உதையும் ஏறும்.

"கெட்டி" என்ற சொல்லில் மயங்கிவிடாதீர்கள். எவ்வளவு கெட்டி என்பதைவிட உங்கள் துப்பாக்கிக்கு அளவு பொருந்துகிறதா என்பது முக்கியம். .44 என்று பெயர்தான், குண்டின் குறுக்களவு 0.429 அல்லது 0.430 அங்குலம். பெயர் ஓர் எண், அளவு ஓர் எண், இந்தத் துறையில் இது சகஜம். துப்பாக்கி காலி என்று இரண்டு முறை பார்த்துவிட்டு, தோட்டாக்கள் உட்காரும் சுழல் உருளையான சிலிண்டரைத் தனியாகக் கழற்றி எடுங்கள். ஒரு வெறும் குண்டை எடுத்து, ஒவ்வொரு அறையின் முன் வாயிலும் வைத்து விரலால் தள்ளுங்கள். லேசாக அழுத்தினால் வழுக்கிக்கொண்டு வெளியே வர வேண்டும். தானாகக் கடகடவென்று விழுந்தால் குண்டு சிறியது. பக்கவாட்டில் சூடான வாயு கசிந்து ஈயத்தை உருக்கிக் குழல் முழுக்கப் பூசிவிடும், குறியும் கெடும். என்னிடம் இருந்த ஒரு ரிவால்வரில் ஐந்து அறை ஒரு அளவு, ஆறாவது அறை மட்டும் இறுக்கம். ஆறில் ஒரு குண்டு எப்போதும் தனியாகப் போய் விழுவதன் காரணம் எனக்குப் புரிய ஒரு வருடம் ஆனது. அதுவரை என் கையைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன்.

கேள்வி: நானே தோட்டா அடைக்க ஆசை. எங்கிருந்து தொடங்குவது? பணம் மிச்சமாகுமா?

மிச்சமாகாது. ஒரு தோட்டாவுக்கு ஆகும் செலவு குறையும் என்பது வாஸ்தவம்தான், ஆனால் அதைச் சொல்லிக்கொண்டே இரண்டு மடங்கு சுடுவீர்கள். அதுதான் லாபம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் வாங்க வேண்டியது சுமைக் கையேடு, அதாவது எந்தக் குண்டுக்கு எந்த மருந்து எவ்வளவு என்று சொல்லும் புத்தகம். அதிலும் இரண்டு, வேறு வேறு நிறுவனம் போட்டது. ஒன்றில் அச்சுப்பிழை இருந்தால் மற்றதில் தெரியும். அதைப் படித்து முடித்துவிட்டு அப்புறம் இரும்புச் சாமான் வாங்குங்கள். பிரஸ் என்பது கைப்பிடியை இழுத்தால் கூட்டை அச்சுக்குள் தள்ளும் கருவி. ஒரு இழுப்புக்கு ஒரு வேலை மட்டும் செய்யும் சாதா பிரஸ் போதும். மணிக்கு நூற்றுக்கணக்கில் துப்பும் சுழல் பிரஸ் ஆரம்பத்தில் வேண்டாம், அது தப்பையும் நூற்றுக்கணக்கில் செய்யும். .44-க்கான கார்பைடு டை செட், டை என்பதுதான் அந்த அச்சு. கார்பைடு என்றால் கூட்டுக்கு எண்ணெய் தடவும் வேலை இல்லை. தராசு, அதைச் சரிபார்க்கும் படிக்கற்கள், வெர்னியர் காலிப்பர், ஐம்பது குழி உள்ள மரக்கட்டை, நல்ல டார்ச்.

வேலை இப்படிப் போகும். சுட்ட கூட்டைத் துடைத்து, வாயில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்கிறோம். முதல் டையில் இழுத்தால் பழைய பிரைமர் கீழே விழும், வீங்கிய கூடு பழைய அளவுக்குச் சுருங்கும். அடுத்த டை கூட்டின் வாயைத் துளி விரிக்கும். குண்டின் அடிப்பாகம் ஈயம் சீவாமல் உட்கார எவ்வளவு வேண்டுமோ அவ்வளவுதான். ஆசைப்பட்டு அதிகம் விரித்தால் நாலாவது தடவை கூடு கிழியும். பிறகு பிரைமர். இதை நான் கைக்கருவியில்தான் அழுத்துவேன், அடியில் போய் உட்காருவது கட்டைவிரலுக்குத் தெரியும். உட்கார்ந்த பிறகு விரல் நுனியால் கூட்டின் அடியைத் தடவினால் பிரைமர் ஒரு மயிரிழை பள்ளத்தில் இருக்க வேண்டும். மேடாகத் தட்டுப்பட்டால் இரண்டு வினை. ஒன்று, சிலிண்டர் சுற்றும்போது உரசி நின்றுவிடும். இரண்டு, சுத்தி அடிக்கும் அடி பிரைமரை உள்ளே தள்ளுவதிலேயே செலவாகிவிடும், தீ வராது. அப்புறம் மருந்து, அப்புறம் குண்டு, கடைசியில் கூட்டின் வாயை உள்பக்கமாக மடித்துக் குண்டின் பள்ளத்தில் கடிக்க வைப்பது. குண்டை உட்கார வைப்பதும் வாயை மடிப்பதும் தனித்தனி இழுப்பாக இருக்கட்டும்.

டார்ச் எதற்கு என்று கேட்பீர்கள். பயிற்சிக்கு மிதமான தோட்டா செய்ய வேகமாக எரியும் மருந்தைக் கொஞ்சமாகப் போடுவோம். .44-இன் கூடு பெரியது. தவறிப்போய் இரண்டு முறை போட்டாலும் வெளியே தெரியாது, கூட்டுக்குள் இன்னும் இடம் இருக்கும். ஒரு நாள் சாயங்காலம் ஐம்பது கூட்டுக்கு மருந்து போட்டுக்கொண்டிருந்தபோது போன் வந்தது. பேசிவிட்டு வந்து விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன் என்றுதான் நினைத்தேன். முடித்துவிட்டு விளக்கை அணைத்து, டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து வரிசை வரிசையாகப் பார்த்தேன். நாலாவது வரிசையில் ஒரு கூட்டில் மட்டும் சாம்பல் நிறம் மேலே ஏறி நின்றது. மற்ற நாற்பத்தொன்பதிலும் இருட்டுக்குள் ஆழத்தில் தெரிகிறது, இதில் மட்டும் எட்டிப் பார்க்கிறது. அந்த ஒன்றை மட்டும் கொட்டவில்லை, ஐம்பதையும் கொட்டினேன். அன்றிலிருந்து பெஞ்சில் உட்கார்ந்தால் போன் பக்கத்து அறையில்.

பெஞ்சின் மேல் ஒரு நேரத்தில் ஒரே ஒரு மருந்து டப்பாதான் இருக்க வேண்டும். மிச்ச மருந்து அன்றைக்கே அதன் டப்பாவுக்குத் திரும்பிவிட வேண்டும். பெயர் தெரியாத மருந்து கிண்ணத்தில் கிடந்தால் அது என்ன என்று ஊகிக்கவே கூடாது. பார்க்க எல்லாம் ஒன்றுபோல்தான் இருக்கும்.

கேள்வி: மேடம், சுற்றி வளைக்க வேண்டாம். உங்கள் .44-க்கு என்ன மருந்து, எத்தனை கிரெய்ன்?

சொல்ல மாட்டேன், கோபப்படாதீர்கள். என் எண் என் துப்பாக்கிக்கும், என் குண்டுக்கும், நான் வாங்கிய கூட்டுக்கும் சேர்ந்த எண். இதழில் ஓர் இலக்கம் மாறி அச்சானால் உங்கள் கை போகும்.

கையேட்டில் தொடக்க அளவு என்று ஒன்று இருக்கும், உச்ச அளவு என்று ஒன்று இருக்கும். தொடக்கத்தில் ஆரம்பித்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஏறுங்கள். சுட்ட கூடுகள் ஒருமுறை தட்டினால் வெளியே வராமல் ஒட்டிக்கொள்கின்றனவா, நீங்கள் ஏற்கெனவே எல்லை தாண்டிவிட்டீர்கள். அழுத்தம் எல்லை மீறுகிறதா என்று அறிய, பலர் பிரைமர் தட்டையாகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். ரிவால்வரில் அந்தச் சாட்சியை நம்பி வண்டி ஓட்ட முடியாது.

குறைத்துப் போட்டால் எப்போதும் பத்திரம் என்றும் நினைக்காதீர்கள். எச்110 என்று ஒரு மருந்து, மேக்னம் ரிவால்வர்காரர்களுக்கு மிகவும் பிடித்தது. மெதுவாக எரியும், கூட்டை நிரப்பும், வேகம் நன்றாகக் கொடுக்கும். வின்செஸ்டர் 296 என்ற பெயரில் வருவதும் இதே மருந்துதான். இதைக் கையேட்டு அளவிலிருந்து மூன்று சதவீதத்துக்கு மேல் குறைக்காதே என்று அதை விற்கும் ஹாட்ஜ்டன் நிறுவனமே எச்சரிக்கிறது. அரைகுறையாகப் போட்டால் தீ சரியாகப் பிடிக்காது, குண்டு குழலுக்குள் பாதி வழியில் நின்றுவிடக்கூடும். "டப்" என்று சத்தம் சன்னமாக வந்து, உதையும் இல்லை என்றால் அங்கேயே நிறுத்திக் குழலைப் பாருங்கள். அடைப்பு இருக்கும்போது அடுத்ததைச் சுட்டால் குழல் பிளக்கும். மிதமான தோட்டா வேண்டுமென்றால் அதற்கென்று உள்ள மருந்தை வாங்குங்கள்.

கேள்வி: போன மாதம் எடை குறைந்த ஒரு .44-இல் நானே அடைத்த தோட்டாவைச் சுட்டேன். நாலாவது குண்டோடு சிலிண்டர் சுற்ற மறுத்துவிட்டது. துப்பாக்கியில் கோளாறா?

துப்பாக்கியைப் பழிக்காதீர்கள். நின்றுபோன சிலிண்டரின் முன்பக்கம் ஏதாவது ஒரு அறையிலிருந்து குண்டின் மூக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்திருக்கும்.

பேருந்தில் நிற்கிறீர்கள், ஓட்டுநர் சடாரென்று எடுக்கிறார். பேருந்து முன்னால் போகிறது, நீங்கள் இருந்த இடத்திலேயே இருக்கப் பார்க்கிறீர்கள், ஆகவே பின்னால் சாய்கிறீர்கள். ரிவால்வரில் இதுவே திசை மாறி நடக்கிறது. ஒரு தோட்டா வெடித்ததும் துப்பாக்கி சடாரென்று பின்னால் பாய்கிறது. மற்ற அறைகளில் இருக்கும் கூடுகளை அது விளிம்பைப் பிடித்துக் கூடவே இழுத்துப் போகிறது. குண்டுகள் கனமானவை, இருந்த இடத்திலேயே இருக்கப் பார்க்கின்றன. ஒவ்வோர் உதைக்கும் ஒரு நூலளவு கூட்டிலிருந்து வெளியே ஊர்ந்து வருகின்றன. துப்பாக்கி எடை குறைந்தால் பாய்ச்சல் அதிகம், குண்டு கனத்தால் பிடிவாதம் அதிகம். உங்களிடம் இரண்டும் சேர்ந்திருக்கிறது.

எனக்கும் இது நடந்தது, அதனால்தான் இவ்வளவு நிச்சயமாகச் சொல்கிறேன். என் கனமான ரிவால்வரில் வருடக்கணக்காக ஒழுங்காக ஓடிய 300 கிரெய்ன் தோட்டா. உடன் வேலை பார்த்தவர் புதிதாக ஓர் இறகெடைத் துப்பாக்கி வாங்கிவந்து, உன் தோட்டாவைக் கொடு, பார்ப்போம் என்றார். மூன்று சுட்டார். நாலாவதுக்கு விசையை இழுத்தால் கல் மாதிரி இருக்கிறது. சிலிண்டரைத் திறக்கவும் முடியவில்லை, நீட்டிய மூக்கு துப்பாக்கியின் சட்டகத்தில் மாட்டிக்கொண்டது. குழலைச் சுடும் திடலின் மண்மேட்டைப் பார்த்துப் பிடித்தபடி, ஒரு மரக்குச்சியால் குண்டை மெல்ல உள்ளே அழுத்தித்தான் திறந்தோம். மண்மேட்டுக்கு முன்னால் நடந்ததால் அது தமாஷ். இடுப்பளவுத் தண்ணீரில் நடந்திருந்தால் என் கையில் இருந்திருப்பது ஒரு விலை உயர்ந்த சுத்தியல்.

இதற்குப் பரிகாரம் என்ன? பலரும் வாய்மடிப்பை மேலும் மேலும் இறுக்குவார்கள். அது பாதி வேலைதான். குண்டைப் பிடித்து வைப்பதில் பெரும்பங்கு கூட்டின் சுவர் முழுக்க அதை இறுக்கிக் கட்டியிருப்பது. வாயை விரிக்கும் டையின் தண்டு தேவைக்கு மேல் பருமனாக இருந்தால் அந்தப் பிடி போய்விடும், அப்புறம் நீங்கள் எவ்வளவு மடித்தாலும் பயன் இல்லை. ஒரு நூல் மெல்லிய தண்டு போடுங்கள். வாய் குண்டின் பள்ளத்தில் சரியாக விழுகிறதா என்று பாருங்கள். பள்ளம் தவறி மடித்தால் குண்டு நசுங்கி, இருந்த பிடியும் தளரும். கூடுகள் நீளத்தில் ஒன்றுக்கொன்று மாறினாலும் மடிப்பு ஒரே மாதிரி விழாது.

செய்துவிட்டுச் சோதியுங்கள். ஆறு தோட்டா போடுங்கள். ஆறாவதைக் காலிப்பரால் அளந்து, நீளத்தை எழுதி, அடியில் பேனாவால் புள்ளி வையுங்கள். ஐந்தைச் சுடுங்கள். புள்ளி வைத்ததை வெளியே எடுத்து மறுபடி அளங்கள். வளர்ந்திருந்தால் அந்தத் தோட்டா அந்தத் துப்பாக்கிக்கு ஆகாது. கடையில் வாங்கிய தோட்டாவுக்கும் இந்தச் சோதனை உண்டு. பெட்டிமேல் என்ன எழுதியிருந்தாலும் சரி, ஆறாவதை அளந்து பாருங்கள்.

கேள்வி: பயிற்சிக்கு .44 ஸ்பெஷல் தோட்டாவை .44 மேக்னத்தில் சுடலாமா?

தாராளமாக. திரும்பச் செய்ய முடியாது, மேக்னம் தோட்டா ஸ்பெஷல் துப்பாக்கிக்குள் முழுதாகப் போகாது, போகவும் கூடாது. ஸ்பெஷல் கூடு மூன்று மில்லிமீட்டர் குட்டை. அதனால் நிறையச் சுட்டால் அறைக்குள் அந்த இடத்தில் கரியும் ஈயமும் வளையமாகப் படியும், அப்புறம் மேக்னம் தோட்டா உள்ளே போக முரண்டு பிடிக்கும். சுட்டு முடித்ததும் பிரஷ் போட்டுத் தேய்த்துவிடுங்கள். எனக்குத் தேய்க்கச் சோம்பல், அதனால் மேக்னம் கூட்டிலேயே மிதமாக அடைத்துக்கொள்வேன்.

பயிற்சி என்றதும் ஒன்று. அறைகளில் இரண்டைக் காலியாக விட்டு, எது காலி என்று பார்க்காமல் சிலிண்டரைச் சுற்றி மூடுங்கள். சுடும்போது காலி அறை வந்து "க்ளிக்" என்னும். அந்த நொடியில் குழல் தலை குனிகிறதா என்று பாருங்கள். முதல் தடவை எனக்குக் குனிந்த குனிப்பில் குறியே கண்ணில் படவில்லை. காதுக்குள் அடைப்பானும் மேலே உறையும், இரண்டும் போட்டுக்கொள்ளுங்கள். இந்தச் சத்தம் 160 டெசிபலைத் தாண்டும்.

கேள்வி: அக்கா, நான் படிப்பது என் கணவர் கேட்ட கேள்விகளை. என் கேள்வி வேறு. இவர் இந்தச் சாமான்களைச் சாப்பாட்டு மேஜையில் பரப்பி வைக்கிறார். வீட்டில் நாலு வயதுக் குழந்தை. நான் பயப்படுவது அதிகப்படியா?

இல்லவே இல்லை. இந்த இதழைத் திறந்தபடியே அவர் முன்னால் வையுங்கள்.

தம்பி, மேஜையிலிருந்து எல்லாவற்றையும் இன்றைக்கே எடுத்துவிடு. குண்டில் மட்டும் ஈயம் என்று நினைக்காதே. பிரைமர் கலவையிலும் ஈயம் உண்டு. அதனால் சுட்ட கூட்டை உலர்ந்த தூளில் போட்டு உருட்டிச் சுத்தம் செய்கிறாயே, அந்தத் தூசி முழுக்க அதுதான். நாலு வயசுக் குழந்தை தரையில் தவழ்ந்த கையை வாயில் வைக்கும். அந்த உருட்டுப் பெட்டி வீட்டுக்குள்ளேயே கூடாது. தண்ணீரில் எஃகு ஊசி போட்டு அலசும் வகைக்கு மாறு, தூசி எழாது. பெஞ்சில் காபி இல்லை, பலகாரம் இல்லை. வேலை முடிந்ததும் குளிர்ந்த தண்ணீரில் சோப்புப் போட்டுக் கை கழுவு, அந்தச் சட்டையைத் தனியாகத் துவை. மருந்தும் பிரைமரும் அவை வந்த டப்பாவிலேயே, பூட்டிய அலமாரியில், தனித்தனியாக. டாக்டரிடம் சொல்லி ரத்தத்தில் ஈயம் எவ்வளவு என்று குழந்தைக்கும் உனக்கும் பார்த்துவிடு. நான் வருடத்துக்கு ஒரு முறை பார்ப்பேன்.

கேள்வி: நான் நன்றாக அடைக்கிறேன் என்று நண்பர்கள் தங்களுக்கும் கேட்கிறார்கள். ஐம்பது ஐம்பதாகச் செய்து விற்கலாமா?

சொந்த உபயோகத்துக்குச் செய்ய அமெரிக்க மத்தியச் சட்டம் உரிமம் கேட்பதில்லை. விற்பதற்காகச் செய்வது தொழில், அதற்கு மத்திய அரசு உரிமம் வேண்டும். மாநிலச் சட்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். இனாமாகக்கூடக் கொடுக்காதீர்கள் என்பது என் கட்சி. அந்த இறகெடைத் துப்பாக்கிக் கதையைத்தான் மேலே சொன்னேனே. மரக்குச்சியோடு முடிந்தது என் அதிர்ஷ்டம்.

கேள்வி: கடைசியாக ஒன்று. ஆற்றில் இறங்கியபோது உங்கள் சிலிண்டரில் இருந்தது நீங்கள் அடைத்ததா, கடையில் வாங்கியதா?

வாங்கியதுதான். இத்தனை நேரம் அடைப்பதைப் பற்றிப் பேசிவிட்டு இப்படிச் சொல்வது ஒரு மாதிரிதான் இருக்கிறது. ஆனால் வருடத்துக்கு ஆயிரம் தோட்டா அடைக்கிறவளுக்குத் தன் கை எத்தனை முறை தப்புகிறது என்று தெரியும். நனைந்து, காய்ந்து, மறுபடி நனைந்து கிடக்கும் தோட்டாவில் பிரைமரைச் சுற்றி அரக்கு பூசியிருப்பது எனக்கு நிம்மதி. நான் அடைத்ததெல்லாம் பயிற்சிக்கு. வாங்கியதில் இருக்கும் அதே எடைக் குண்டு, அதே இடத்தில் போய் விழும்படி அடைப்பேன். கோடை முழுக்க மிதமானதைச் சுட்டு, மாதம் ஒரு முறை முழு வேகத்தில் ஆறு. கைக்குப் பழக்கம் விட்டுப் போகாது.

வாங்கியதையும் அப்படியே போட்டுக்கொள்ள மாட்டேன். திடலில், குழல் மண்மேட்டைப் பார்த்தபடி, ஆறு தோட்டாவையும் ஆறு அறையிலும் மாற்றி மாற்றிப் போட்டு, சிலிண்டர் எங்கும் உரசாமல் சுற்றுகிறதா என்று பார்ப்பேன். நீளத்தை நோட்டில் குறித்துக்கொள்வேன். உறை மார்பில்தான், இடுப்பில் கட்டினால் இரண்டாவது அடியிலேயே தண்ணீருக்குள் போய்விடும். மார்பில் கட்டியும் நனையத்தான் செய்தது. அதனால் ஒவ்வொரு மே மாதமும் புதிதாக ஆறு தோட்டா. போன வருடத்துப் பழைய ஆறை அன்றைக்கே காகிதத் தட்டில் சுட்டுத் தீர்த்துவிடுவேன். ஒரு வருடம் கூட்டில் பச்சைக் களிம்பே ஏறியிருந்தது. அந்த ஆறும் வெடித்தன, ஐந்து தட்டில் விழுந்தன.